இருபத்தைந்து அங்குலம்

ஓடம்போக்கி ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
தையல் டேப்போடு தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.
அப்பாவின் சக்கர நாற்காலி
விளிம்பிலிருந்து விளிம்புக்கு
இருபத்தைந்து அங்குலம்.
தள்ளுகிற வளையத்தையும் சேர்த்துத்தானே மேடம் என்கிறார்
சென்னையிலிருந்து ரெஜினால்டு.
மறுபடி அளக்கிறேன். சேர்த்துத்தான்.

முதல் கப்பலில் அறைக்கதவு இருபத்துமூன்று.
விலை எங்களுக்கேற்ற விலை.
"மடக்கி எடுத்துட்டுப் போய் உள்ளே விரிச்சுக்கலாமே."
நாற்காலியை மடக்கலாம்.
அதில் இருப்பவரை?

இரண்டாவதில் கதவு அகலம்.
குளியலறை வாசலில் ஐந்து அங்குல இரும்புத் தடுப்பு,
தண்ணீர் வெளியே வராமலிருக்க.
அப்பா சிரித்தார்:
"கடல்மேல போற கப்பலுக்கு
ஒரு வாளித் தண்ணிக்கு வரப்பா?"

மேடென்பதே இல்லாத ஊர் இது.
மழைநீருக்கே எந்தப் பக்கம் போவதென்று தெரியாது.
இங்கேதான் மலையேறக் கற்றுக்கொண்டோம்:
வங்கி வாசலில் மூன்று படி,
கண் டாக்டர் மாடிக்குப் பதினேழு,
கட்டிலிலிருந்து இறங்குவதே ஒன்று.
மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருகிற மாதிரி
கூடத்திலிருந்து கொல்லைக்கு வந்துசேர்வார்,
வழியில் இரண்டு இடத்தில் தேங்கி.

எழுபத்தாறு வயதில் இவருக்கு எதற்குக் கடல்
என்று கேட்டாள் அத்தை.
உண்மையில் ஆசை என்னுடையது.
விளம்பரத்தில் ஒரு மகளும் அப்பாவும்
மேல்தளத்தில் காற்று வாங்கினார்கள்.
அந்த அப்பா நின்றுகொண்டிருந்தார்.

முப்பத்தொரு வருஷம் இவரும் நின்றவர்தான்.
திருவாரூர் - வேதாரண்யம், தினம் நாலு நடை.
திருத்துறைப்பூண்டியில் வண்டி பிதுங்கும்.
அத்தனை பேருக்கும் இடையில் பின்வாசல்வரை போய்ச்
சீட்டுக் கிழித்துத் திரும்புவார்
கம்பியைத் தொடாமல்.
முழங்கால் இரண்டையும் அந்தச் சாலைதான் வாங்கிக்கொண்டது.
மீதிச் சில்லறை இன்னும் தரவில்லை.

"கப்பல் எங்க போகுதுன்னு நீ கேக்கவே இல்லையேப்பா?"
"போர்டு பாத்து ஏறுறது பாசஞ்சர் வேலை."

மூன்றாவது கப்பல். கதவு முப்பத்திரண்டு.
தடுப்பு இல்லை, கைப்பிடி உண்டு,
உட்கார்ந்து குளிக்கப் பலகை உண்டு.
அப்படி அறை கப்பல் முழுக்க ஆறே ஆறு.
மஸ்கட்டிலிருந்து தம்பி பாதி போடுகிறான்.
"ஆனா ஒண்ணு மேடம். தீவுல கப்பல் கரையைத் தொடாது.
சின்னப் படகுல மாத்தி ஏத்துவாங்க.
பக்கிரிசாமி சாரை அதுல ஏத்த மாட்டாங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது.
இருந்திருக்கக் கூடாது.

நாற்காலிக்கு லக்கேஜ் போடுவார்களா என்று
அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்
கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.
"எல்லாரும் எறங்கிருவாங்களா தம்பி?"
"ஆமா சார். காலைல எட்டு மணிக்கு."
"சாயங்காலம் வரைக்கும் கப்பல் காலியா கெடக்குமா?"
"கிட்டத்தட்ட சார்."

கடைசி நடை முடிந்து டெப்போவில் வண்டியைப் போட்டபின்
டிரைவர் வைரக்கண்ணு பீடிக்கு இறங்க,
விளக்கணைந்த வண்டியில்
ஏதாவது ஒரு ஜன்னலோரம்
கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாராம்.
இத்தனை வருஷத்தில் எனக்குச் சொன்னதில்லை.
இப்போதும் ரெஜினால்டுக்குத்தான் சொல்கிறார்.
"தெனம் ஒரு சீட்டு தம்பி.
அம்பத்தஞ்சுலயும் உக்காந்து பாத்திருக்கேன்."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது.

"மூணாவதையே போட்டுரு" என்கிறார் என்னிடம்.
தீவுக்கு நான் கட்டாயம் போய்வர வேண்டுமாம்.
ஒருத்தர் கூட இருந்தாலும்
அது காலிக் கப்பல் இல்லையாம்.

பணம் கட்டுமுன் கடைசியாக ஒரு தடவை அளந்தேன்.
இருபத்தைந்தரை வந்தது.
பரவாயில்லை. கதவு முப்பத்திரண்டு.